பங்குப் பால்

“துணி கொறையுதுக்கா,” என்றாள் வியாகுலமேரி.

சமையலறை வாசலில் நின்று குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த சுகுணாவுக்கு முதலில் புரியவில்லை. வியாகுலமேரி துவைகல்லின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் போடுவதற்கு முன் அன்றைய துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கல்லின் மேல் வைத்தாள். பழைய வேட்டியைக் கிழித்து நாலாக மடித்துத் தைத்த வெள்ளைத் துணிகள். ஒன்பதுதான் இருந்தன.

“போன வாரமெல்லாம் இருவதுக்குக் கொறையாது. மூணு நாளா இப்புடித்தான் இருக்கு. இதுலயும் ஈரமே இல்லக்கா, லேசா மஞ்சக் கறைதான். தம்பி ஒழுங்கா ஒன்னுக்குப் போறானா?”

சுகுணா கொடியைப் பார்த்தாள். நேற்று மாலை அது பாதிக்கு மேல் காலியாகக் கிடந்ததை அவளும் கவனித்திருந்தாள். குழந்தைக்கு ஒரு ஒழுங்கு வந்துவிட்டது, இனித் தண்ணீர் மிச்சமாகும் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டிருந்தாள். இப்போது தோளில் கிடந்தவனைத் திருப்பி முகத்தைப் பார்த்தாள். மூன்று மாதக் குழந்தை. பெயர் நிலவழகன், வீட்டில் நிலவன். கண்கள் பெரிதாகத் தெரிந்தன. எல்லோரும் அழகான கண் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முகம் சுருங்கினால் கண் பெரிதாகத்தான் தெரியும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

சுகுணாவும் விக்ரமும் ஆவூர்ப் பக்கத்தில் இந்த நிலத்துக்கு வந்து நான்கு வருடமாகிறது. விக்ரமின் தாத்தா விட்டுப்போன மூன்று ஏக்கர். சுற்றிலும் தைலமரக் காடு. தூரத்தில் கல் குவாரி. வருவதற்கு முன் சென்னையில் ஒரு குப்பைமேட்டுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில், ஏழாவது மாடியில் குடியிருந்தார்கள். அங்கேதான் சுகுணாவின் முதல் கர்ப்பம் ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. டாக்டர் காரணம் எதுவும் சொல்லவில்லை, நிறையப் பேருக்கு நடப்பதுதான் என்றார். சுகுணாவால் அப்படி விட முடியவில்லை. அந்தக் கோடையில் குப்பைமேடு பன்னிரண்டு நாள் எரிந்தது. ஜன்னலைச் சாத்தினாலும் புகை உள்ளே வந்தது. அவள் தனக்கு ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டாள். அந்த மேட்டுக்குப் போகும் சாலையில் ஒரு மாடு, குழந்தைக்குப் போட்டுக் கழற்றிய டயப்பரை மென்றுகொண்டு நின்றதை ஒருநாள் பஸ்ஸிலிருந்து பார்த்தாள். அதற்கு மேல் அந்த ஊரில் அவளால் இருக்க முடியவில்லை.

இன்னொரு குழந்தை பிறந்தால் அதன் பேரால் மண்ணில் மட்காத பொருள் ஒன்றுகூடச் சேரக் கூடாது என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். டயப்பர் கிடையாது. பிளாஸ்டிக் பொம்மை, பாட்டில், வாசனைத் துடைப்பான் எதுவும் கிடையாது. குளிக்கப் பாசிப்பயறு மாவு, விளையாட மரக் கிலுகிலுப்பை, போட்டுக்கொள்ளச் சொந்தக்காரர் பிள்ளைகளின் பழைய சட்டைகள். எந்த மனிதரையும் சுரண்டக் கூடாது என்பதும் அதில் சேர்த்திதான். துணி துவைக்க வந்த வியாகுலமேரியைச் சுகுணா முதல் நாளிலிருந்து ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசினாள். தங்கள் மேஜையிலேயே தங்களுக்கு வைத்த அதே தட்டில் சாப்பாடு போட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் கேட்காமலே விடுமுறை கொடுத்தாள். “என்னைய விட மூத்தவுக நீங்க, வாங்க போங்கன்னா கூச்சமா இருக்குக்கா,” என்று வியாகுலமேரி இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். அவளுக்கு இருபத்தைந்து வயது. கணவன் அலெக்ஸ் மலேசியாவில் வெல்டிங் வேலையில் இருந்தான். ஐந்து மாதப் பெண் குழந்தை ஷெரினை அவன் போனில் மட்டும்தான் பார்த்திருந்தான். வேலைக்கு வரும்போது வியாகுலமேரி குழந்தையையும் தூக்கி வந்து, மாமரக் கிளையில் சேலையால் தூளி கட்டிப் போட்டுக்கொள்வாள்.

அன்று பதினொரு மணிக்குக் கிராமத்து நர்ஸ் ஸ்கூட்டியில் வந்தார். எடைபார்க்கும் தராசை மாமரக் கிளையில் மாட்டி, குழந்தையைத் துணியில் வைத்துத் தொங்கவிட்டார். முள் மூன்று கிலோ எழுநூறில் வந்து நடுங்கி நின்றது. போன மாதம் மூன்று தொள்ளாயிரம்.

“எறங்கிருக்கு,” என்றார் நர்ஸ். “இந்த வயசுல ஏறணும், எறங்கக் கூடாது. பால் பத்துதா ஒங்களுக்கு?”

“குடிச்சுக்கிட்டேதான் சிஸ்டர் இருக்கான். எறக்கி விட்டாலே அழறான்.”

“சப்பிக்கிட்டே இருக்கான். குடிக்கிறானான்னு கேக்குறேன்.”

மறுநாள் புதுக்கோட்டைக்குப் போய்க் குழந்தை மருத்துவரைப் பார்த்தார்கள். அவர் சுகுணாவின் மார்பையும் குழந்தையின் வாயையும் சோதித்துவிட்டு, பால் சுரப்பு குறைவு, உடனே மேல்பால் ஆரம்பியுங்கள், தள்ளிப்போட வேண்டாம் என்று ஒரு பால் பவுடரின் பெயரை எழுதிக் கொடுத்தார். விக்ரம் பக்கத்து மருந்துக் கடையிலேயே அந்த டின்னை வாங்கித் துணிப்பையில் போட்டுக்கொண்டான். வீட்டுக்கு வந்து சமையலறை அலமாரியில் வரகுக்கும் சாமைக்கும் நடுவில் வைத்தான்.

சுகுணா அதைத் திறக்கவில்லை. இரண்டு மாதமாகப் பால் ஊறப் பூண்டும் முருங்கைக்கீரையும் மணமேல்குடியிலிருந்து வரவழைத்த பால்சுறாப் புட்டுமாகச் சாப்பிட்ட உடம்பு அவளுடையது. விக்ரம் இணையத்தில் நடத்திய பக்கத்தை நாற்பதாயிரம் பேர் படித்தார்கள். பிளாஸ்டிக் இல்லாத பிள்ளை வளர்ப்பு பற்றிய அந்தப் பக்கத்துக்காகச் சுகுணா கர்ப்பமாக இருந்தபோது ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருந்தாள். நல்ல தண்ணீர் இல்லாத ஊர்களுக்குப் பால் பவுடர் போனபோது என்ன நடந்தது, தாய்க்குப் பால் இருந்தும் டின்னை நம்பிய வீடுகளில் குழந்தைகள் எப்படிப் பேதியாகிச் செத்தன என்பதைப் பற்றியது. மூன்று வாரம் படித்து எழுதியது. பலர் அதைத் தங்கள் பக்கங்களில் எடுத்துப் போட்டார்கள்.

“நாலு நாளைக்குக் குடுத்துப் பாப்போம் சுகுணா,” என்றான் விக்ரம். “யாருக்கும் சொல்ல வேணாம்.”

அவன் சொன்னதில் கடைசி வார்த்தைகள்தான் அவளைச் சுட்டன. தன்னால் முடியாததை மறைத்து வைக்கச் சொல்கிறான் என்று தோன்றியது. முதல் குழந்தையையும் உடம்பு காப்பாற்றவில்லை, இரண்டாவதுக்கும் பால் தரவில்லை. அந்த டின் அலமாரியில் இருப்பதே அவளுக்கு யாரோ உட்கார்ந்து குறை சொல்வது போல இருந்தது.

மறுநாள் காலை வியாகுலமேரி மாமரத்தடியில் ஷெரினுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். சுகுணா நிலவனைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். அப்போது அந்தச் சத்தம் கேட்டது. மடக் மடக்கென்று பால் தொண்டையில் இறங்கும் சத்தம். தன் பிள்ளை ஒருநாளும் அந்தச் சத்தம் எழுப்பியதில்லை என்பது அவளுக்கு அந்த இடத்தில் உறைத்தது.

“மேரி, ஒங்ககிட்ட ஒன்னு கேக்கணும். தப்புன்னா தப்புன்னு சொல்லிடுங்க.”

பாதி சொல்வதற்குள் வியாகுலமேரிக்குப் புரிந்துவிட்டது. ஷெரினைத் தூளியில் போட்டுவிட்டு, கையைச் சேலையில் துடைத்து நீட்டினாள்.

“இதுக்கு எதுக்குக்கா இம்புட்டுத் தயங்குறீங்க? பச்சப்புள்ள. குடுங்க இங்கிட்டு.”

நிலவன் முதலில் முகத்தைத் திருப்பினான். பிறகு பிடித்துக்கொண்டான். ஒரு நிமிடத்தில் மடக் மடக்கென்று சத்தம் வந்தது. வாயோரத்தில் வழிந்த பாலை வியாகுலமேரி விரலால் துடைத்துவிட்டு, “எம்புட்டுப் பசி பாருங்க,” என்று சிரித்தாள். சுகுணா அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். தப்பென்றால் சொல்லுங்கள் என்று தான் கேட்டிருந்தாலும், வீட்டில் வேலை செய்கிற பெண் அதை எந்த வழியில் சொல்லியிருக்க முடியும் என்று அவள் யோசித்தது வெகுநாள் கழித்து.

இரண்டு வாரத்தில் நிலவனின் கன்னத்தில் சதை வைத்தது. கொடி மறுபடி நிறைந்தது. வியாகுலமேரி இப்போது காலை ஏழு மணிக்கு வந்து மாலை ஆறு வரை இருந்தாள். போகும் முன் ஒரு கிண்ணத்தில் பீய்ச்சி வைத்துவிட்டுப் போனாள். சுகுணா அதை இரவில் பாலாடைச் சங்கில் புகட்டினாள். துணி துவைக்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டு, வியாகுலமேரிக்கு முட்டையும் கீரையும் நெய்யும் போட்டுச் சாப்பாடு கொடுத்தாள். விக்ரம் தன் பக்கத்தில் ‘ஒரு பிள்ளைக்கு இரண்டு தாய்’ என்று எழுதினான். பெயர் போடவில்லை. மாமரத்தடியில் ஒரு பெண்ணின் முதுகும் குழந்தையின் ஒரு பாதமும் மட்டும் படத்தில் தெரிந்தன. ஆயிரக்கணக்கானவர்கள் இதயம் போட்டார்கள். நம் முன்னோர் வாழ்ந்த வாழ்க்கை இதுதான் என்று ஒருவர் எழுதியிருந்தார்.

ஷெரினுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. தூளியில் கிடந்தபடி தலையைத் திருப்பித் தன் அம்மாவின் மடியில் வேறு பிள்ளை குடிப்பதைப் பார்ப்பாள். உதடு பிதுங்கும். பிறகு மூச்சு நிற்கிற மாதிரி ஒரு அழுகை. ஒருத்தி அழ, குடித்துக்கொண்டிருப்பவன் மிரண்டு விட்டுவிடுவான். இரண்டையும் சமாளிக்க முடியாமல் வியாகுலமேரி வேர்த்துப்போவாள். ஒரு திங்கட்கிழமை அவள் தனியாக வந்தாள்.

“பாப்பா எங்க?”

“நாத்தனாரு சந்தனமேரி அக்காகிட்ட விட்டுட்டு வந்துட்டேங்க்கா. பாத்துப் பாத்து ஏங்குது. கண்ணுல படாம இருந்தா அதுக்கும் நல்லது, தம்பியும் நிம்மதியாக் குடிப்பான்.”

சுகுணா நிலவனை அவளிடம் நீட்டினாள். அன்று வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதி அவளுக்குப் பிடித்திருந்தது.

அடுத்த வாரத்தில் ஒரு மதியம் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிக்கொண்டே வியாகுலமேரி சொன்னாள். “ராத்திரி வீட்டுக்குப் போனா எம்புள்ளைக்குப் பத்த மாட்டேங்குதுக்கா. சந்தனமேரி அக்கா பகல்ல டீக்கடைப் பாலு வாங்கி, தண்ணி கலந்து குடுக்குது. வகுறு ஊதிக் கெடக்கு.”

அவள் எதையும் கேட்கவில்லை. தகவல் போலத்தான் சொன்னாள். சுகுணா அலமாரியைத் திறந்து அந்த டின்னை எடுத்தாள். டீக்கடைப் பாலுக்கு இது எவ்வளவோ மேல் என்று நினைத்தாள். நினைத்தது தவறும் இல்லை. கைக்குழந்தைக்கென்று செய்தது, டாக்டர் எழுதிக் கொடுத்தது, மூடி திறக்காதது. வீணாகக் கிடப்பதற்கு ஒரு குழந்தைக்கு உதவட்டும். கட்டுரை நினைவுக்கு வந்தது. அது வந்த வேகத்திலேயே, நாம்தான் சொல்லிக் கொடுக்கப் போகிறோமே என்று ஒரு பதிலும் வந்தது.

“தண்ணிய நல்லாக் கொதிக்க வச்சு, ஆற வச்சு, அப்பறம்தான் கலக்கணும். ஒரு தடவ கலக்குனத ஒரு மணி நேரத்துக்கு மேல வைக்கக் கூடாது. சந்தனமேரிகிட்ட சொல்லிடுங்க மேரி.”

“சொல்லிருறேங்க்கா,” என்று வியாகுலமேரி டின்னை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவள் முகத்தில் நிஜமான மகிழ்ச்சி இருந்தது. அந்த டின்னை அவள் டிவி விளம்பரத்தில் பார்த்திருந்தாள். அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது டின்னைச் சேலைக்குள் மறைக்காமல் எல்லோரும் பார்க்கும்படி கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அது மே மாதம். வியாகுலமேரியின் தெருவில் ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வந்தது. வீட்டு வாசலில் இருந்த நீல டிரம்மில் பிடித்து வைத்து, அதையே ஐந்து நாளும் புழங்கினார்கள். சந்தனமேரி நூறுநாள் வேலைக்குப் போகிறவள். கண்மாயில் மண் அள்ளும் வேலை. காலை எட்டு மணிக்கு ஷெரினைத் தூக்கிக்கொண்டு போவாள். பாட்டிலில் பாலைக் கலக்கிக் கூடையில் வைத்துக் கருவேல மர நிழலில் குழந்தையோடு வைத்துவிட்டு மண் அள்ளப் போவாள். பதினொரு மணிக்கும் ஒரு மணிக்கும் அதே பாட்டிலைத்தான் குழந்தையின் வாயில் வைத்தாள். இந்த விவரமெல்லாம் சுகுணாவுக்குப் பிறகு தெரிந்தது. தெரிந்தபோது அவள் மனதில் நின்றது வேறொன்று. தன் வீட்டில் நிலவனின் துணிகளை அலசத் தினமும் அரைமணி நேரம் மோட்டார் ஓடியது. அறுநூறு அடி ஆழத்திலிருந்து ஏறிவந்த நல்ல தண்ணீர் துவைகல்லிலிருந்து மாமரத்துக்குப் போனது. ஒரு குடம் கொண்டுபோங்கள் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. வியாகுலமேரியும் கேட்டதில்லை.

டின் கொடுத்த ஒன்பதாம் நாள் வியாகுலமேரி வரவில்லை. போன் மணி அடித்து அடித்து நின்றது. ஒன்பது மணிக்குள் நிலவன் பசியில் கத்தத் தொடங்கினான். சுகுணா தன் மார்பைக் கொடுத்தாள். அவன் இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு உதறினான். முகம் சிவந்து, கால்களை உதைத்து, அவள் இதுவரை கேட்காத குரலில் அழுதான்.

“போய்ப் பாத்துட்டு வாங்க,” என்றாள் விக்ரமிடம். “என்னன்னு கேட்டுக் கையோட கூட்டிட்டு வந்துடுங்க.”

விக்ரமின் பைக்கில் வியாகுலமேரி வந்து இறங்கியபோது பத்தரை மணி. தலை வாரவில்லை. காலில் செருப்புகூட இல்லை.

“பாப்பாவுக்கு நேத்து சாயங்காலத்துலேருந்து பேதியாகுதுக்கா. வாந்தியும் வருது. சந்தனமேரி அக்கா ஓமத்தண்ணி குடுத்துருக்கு. கொஞ்சம் தூங்குது. அதான் இவரு வந்து நிக்கவும் ஒரு எட்டு வந்துட்டுப் போயிருவோம்னு…”

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலையா?”

“போவணுங்க்கா. ஆட்டோவுக்குச் சொல்லிருக்கு.”

நிலவன் அவள் குரலைக் கேட்டதும் சுகுணாவின் கையிலிருந்து தாவினான்.

இந்த இடத்தைத்தான் சுகுணா பின்னால் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். போங்கள் மேரி, முதலில் பாப்பாவைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். வாசலில் கார் நின்றது, சாவி ஆணியில் தொங்கியது. ஆனால் அவள் சொன்னது, “இவனுக்கு ஒரே ஒரு தடவ குடுத்துடுங்க மேரி. அப்பறம் நாமளே கார்ல பாப்பாவ ஏத்திட்டுப் போயிடலாம். ஆட்டோ வேணாம்.”

வியாகுலமேரி உட்கார்ந்து கொடுத்தாள். நிலவன் ஆத்திரத்தோடு குடித்தான். அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் மாற்றியபோது அவன் பாதித் தூக்கத்தில் இருந்தான். இழுத்தால் விழித்துக்கொள்வான் என்று அவள் அசையாமல் காத்திருந்தாள். விக்ரம் காரைத் திருப்பி நிறுத்தினான். எல்லாம் சேர்ந்து நாற்பது நிமிடம் ஆனது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது சந்தனமேரி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். ஷெரின் தூங்கவில்லை. கண் பாதி திறந்து மேலே போயிருந்தது. உச்சந்தலைக் குழி உள்வாங்கியிருந்தது. வியாகுலமேரி குழந்தையின் வயிற்றுத் தோலைத் தொட்டுப் பார்த்தாள். கிள்ளிய இடம் கிள்ளியபடியே நின்றது.

ஆஸ்பத்திரியில் இளம்பெண் ஒருத்திதான் டாக்டராக இருந்தாள். நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் காலிலும் குத்திப் பார்த்துக் கடைசியில் தலையில் ஊசியை ஏற்றினாள். அதைச் செய்துகொண்டே கேட்டாள்.

“என்ன பால் குடுத்தீங்க?”

“பவுடர் பாலுங்க.”

“நீங்கதான அம்மா? ஒங்களுக்குப் பால் இல்லையா?”

“இருக்குங்க டாக்டர்.”

டாக்டர் நிமிர்ந்து வியாகுலமேரியைப் பார்த்தாள். ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்திருந்தது. “பால் இருந்தா எதுக்கும்மா பவுடர்?”

வியாகுலமேரி குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கதவருகில் நிலவனைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற சுகுணாவின் பக்கம் அவள் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் சுகுணா ஏதாவது சொல்லியிருப்பாள். நான்தான் கேட்டேன், நான்தான் டின்னும் கொடுத்தேன் என்று சொல்லியிருப்பாள். வாய்வரை வந்துவிட்டது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் பதிலுக்குக் காத்திருக்காமல், “படிச்சவங்க படிக்காதவங்க எல்லாரும் ஒன்னுதான்,” என்று முனகிவிட்டு வேலையைப் பார்த்தாள். நிலவன் வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து விக்ரம் போன் செய்தான். “முடிஞ்சுருச்சு,” என்றான்.

அடக்கத்துக்குப் போகும்போது நிலவனை விட்டுவிட்டுப் போக ஆளில்லை. சுகுணா அவனைத் தூக்கிக்கொண்டே போனாள். அது எவ்வளவு பெரிய தவறு என்பது தெருவுக்குள் நுழைந்ததும் புரிந்தது. பெண்கள் அவளைப் பார்க்கவில்லை. அவள் இடுப்பில் மடிப்பு மடிப்பாகத் தொங்கிய குழந்தையின் தொடையைப் பார்த்தார்கள். யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. ஒருத்தி நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டு, “புள்ளைக்கு வெயில் அடிக்குது, இங்கிட்டு உக்காரும்மா,” என்றாள்.

வெள்ளைத் துணி தைத்த சின்னப் பெட்டி ஒரு பெஞ்சின் மேல் இருந்தது. அதன் தலைமாட்டில் ஒருவர் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். போனில் அலெக்ஸ் தெரிந்தான். மஞ்சள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் எங்கோ ஒரு இரும்புச் சாரத்துக்குக் கீழே நின்று அழுதுகொண்டிருந்தான். சத்தம் விட்டு விட்டு வந்தது. சந்தனமேரி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். “டப்பா தீந்துரக் கூடாதுன்னு நாலு கரண்டிக்கு ரெண்டு கரண்டியா போட்டேனே ஆத்தா… நாந்தானே கலக்குனேன்… இந்தக் கையாலதானே கலக்குனேன்…” இரண்டு பேர் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். சுகுணா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கைகள் மேல் தப்பில்லை என்று சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை.

வியாகுலமேரி அழவில்லை. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரோ அவளிடம் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். “வேணாம்,” என்றாள். அந்த ஒரு வார்த்தைதான். சுகுணாவின் இடுப்பிலிருந்து நிலவன் தலையைத் திருப்பினான். குரல் வந்த திசையைத் தேடினான். பிறகு பசிக்கிற பிள்ளையின் அழுகையை அழத் தொடங்கினான். தெரு முழுக்க அமைதியானது. சந்தனமேரிகூட நிறுத்தினாள். வியாகுலமேரி குனிந்து தன் மார்பைப் பார்த்தாள். சாம்பல் நிறச் சேலையில் இரண்டு ஈர வட்டங்கள் கருத்துப் பரவின. அவள் முந்தானையை இழுத்து இறுக்கி மூடிக்கொண்டாள். முந்தானையும் நனைந்தது. சுகுணா எழுந்து பிள்ளையின் வாயைத் தன் தோளில் அழுத்திக்கொண்டு தெருவை விட்டு வெளியே கிட்டத்தட்ட ஓடினாள்.

வீட்டுக்கு வரும் வழியில் விக்ரம் காரை நிறுத்தி அதே பவுடரில் புது டின் ஒன்று வாங்கினான். சுகுணா தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்தாள். ஆற வைத்தாள். அளந்து கலந்தாள். பாலாடையில் எடுத்து வாயில் வைத்ததும் நிலவன் முகம் சுளித்தான், பிறகு விழுங்கினான். அவ்வளவுதான். எட்டு நாளில் இருநூறு கிராம் ஏறினான். நர்ஸ் அட்டையில் குறித்துக்கொண்டு, “இத மொதல்லயே பண்ணிருக்கலாம்ல,” என்றார். அவர் எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை.

விக்ரம் ‘ஒரு பிள்ளைக்கு இரண்டு தாய்’ பதிவை நீக்கினான். ஷெரினை அடக்கம் செய்த அன்றுகூட அதற்கு யாரோ பூங்கொத்துப் படம் போட்டிருந்தார்கள். “நாம சொல்லித்தான குடுத்தோம்,” என்றான் ஒருநாள் சாப்பிடும்போது. “தண்ணியக் கொதிக்க வைக்கணும்னு சொன்னோம்ல.”

“சொன்னோம்,” என்றாள் சுகுணா.

அவன் மேலே ஏதோ சொல்ல வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தான். அவர்கள் அந்த வீட்டுக்கு இரண்டு முறை போயிருந்தார்கள். முதல் முறை கதவு சாத்தியிருந்தது. இரண்டாம் முறை சந்தனமேரி வாசலில் நின்று, “அது படுத்துருக்குங்க,” என்றாள். உள்ளே கூப்பிடவில்லை. சுகுணா கொண்டுபோயிருந்த பழங்களைப் படியில் வைத்துவிட்டு வந்தாள். எடுத்தார்களா என்று தெரியவில்லை.

அடக்கம் முடிந்த பன்னிரண்டாம் நாள் காலை ஏழு மணிக்குக் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. சுகுணா துவைகல்லருகே நிலவனை மடியில் படுக்க வைத்துப் பாலாடையால் புகட்டிக்கொண்டிருந்தாள். வியாகுலமேரி வந்து நாலடி தள்ளி நின்றாள். கழுத்தும் கன்னமும் வற்றியிருந்தன. நெருங்கியதும் மல்லிகைப் பூ வாசம் குப்பென்று அடித்தது. தலையில் பூ இல்லை.

“வாங்க மேரி,” என்றாள் சுகுணா. “உக்காருங்க.”

வியாகுலமேரி உட்கார்ந்தாள். கையை ஊன்றி, வலிக்கிற உடம்பை இறக்குகிற மாதிரி மெதுவாக உட்கார்ந்தாள்.

“மாருல மல்லியப்பூவ வச்சுக் கட்டுனா நாலஞ்சு நாள்ல பாலு வத்திரும்னாங்க. தெனமும் மாத்தி மாத்திக் கட்டுறேன்,” என்றாள். சுகுணாவைப் பார்க்காமல் துவைகல்லைப் பார்த்துப் பேசினாள். “வத்த மாட்டேங்குதுக்கா. கல்லாட்டம் கட்டிக்கிட்டு, காச்சலா வருது. வாசப்படில பீச்சிவிட்டா எறும்பு வருது.”

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சுகுணா இத்தனை நாளும் வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். ஒன்றுகூட வாயில் நிற்கவில்லை. டாக்டரிடம் போகலாமா என்று கேட்க நினைத்தாள். அந்தக் கேள்வி அவளுக்கே அருவருப்பாக இருந்தது. நிலவன் பாலாடையை நாக்கால் தள்ளிவிட்டான். பவுடர் பால் அவன் தாடையில் வழிந்தது. தலையைப் பின்னால் சாய்த்து வியாகுலமேரியைப் பார்த்தான். கண்டுகொண்டான். காலை உதைத்து, பல்லில்லாத வாய் முழுக்கச் சிரித்தான்.

வியாகுலமேரி கையை நீட்டவில்லை. சுகுணா பிள்ளையைத் தூக்கவும் இல்லை, இழுத்து அணைத்துக்கொள்ளவும் இல்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கல்லின் மேல் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

சற்று நேரம் கழித்து வியாகுலமேரி திரும்பி உட்கார்ந்து முந்தானைக்குள் கையை விட்டாள். உடம்புச் சூட்டில் வெந்து ஓரமெல்லாம் பழுப்பேறிய மல்லிகைச் சரத்தை மெதுவாக வெளியே இழுத்தாள். அது நீளமாக வந்துகொண்டே இருந்தது. எடுத்து ஈரக் கல்லின் மேல் வைத்தாள். இரண்டாவது சரத்துக்காக மறுபடி கையை உள்ளே விட்டாள்.